அட்டையில் பதின்மூன்று கையெழுத்து

பாண்டுங், இந்தோனேசியா
3-12-1995

ரசாக் அவர்களுக்கு,

சுந்தரராஜுலு எழுதுவது. இங்கே புதிய நூற்பு மில்லுக்கு மிஷின் பொருத்தும் வேலை அடுத்த ஆகஸ்ட் வரை இழுக்கும் போலிருக்கிறது. சைட்டில் போன் கிடையாது. டவுனுக்குப் போய் டிரங்க் கால் போட்டால் பாதி இரைச்சல்தான் கேட்கிறது. அதனால் கடிதம்.

ஜூலையில் கிளம்பும்போது உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். என் மகள் தேஜஸ்ரீக்கு நம் கோல்ஃப் கிளப்பில் வாரம் மூன்று நாள் நீங்கள் தனி வகுப்பு எடுக்க வேண்டும். இப்போது என் மனைவி பங்காரம்மா எழுதுகிறாள், பத்து வயதுப் பிள்ளைக்கு மாதம் இரண்டு வகுப்பே போதும் என்று நீங்கள் சொல்லி அனுப்பினீர்களாம். இருபத்திரண்டு வருஷமாக மில் நடத்துகிறேன். எனக்கு வேலையைக் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்ட ஆளை நான் பார்த்ததில்லை. அப்படி ஒருத்தர் கேட்டால் அவர் வேறு எங்கேயோ வேலை பார்க்கிறார் என்று அர்த்தம்.

எங்கே என்பதும் எனக்குத் தெரியும். என் பங்காளி வரதராஜுலுவின் மகன் தேஜா தினம் சாயங்காலம் உங்கள் கண் முன்னால்தான் பந்தடிக்கிறான். மில்லைப் பாகம் பிரித்த நாளிலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை என்பது கிளப் முழுக்கத் தெரியும். அடுத்த வருஷம் சிறுவர் கோப்பையை யார் பிள்ளை வாங்க வேண்டும் என்று வரதராஜுலு உங்களிடம் ஏதாவது சொல்லி வைத்திருக்கிறானா? நேராகவே கேட்கிறேன்.

மிஷினுக்கு வாரம் மூன்று தரம் ஆயில் என்றால் மூன்று தரம் போட்டாக வேண்டும். மில் டைம் ஆபீஸில் இருப்பது போல ஓர் அட்டை அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். தேதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், உங்கள் கையெழுத்து. திங்கள், புதன், வெள்ளி. டிரைவர் சின்னான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அட்டையையும் எடுத்து வருவார். மாதக் கடைசியில் அட்டை எனக்குத் தபாலில் வந்துவிட வேண்டும். நான் கிளப் கமிட்டியில் இருப்பவன் என்பதை ஞாபகப்படுத்தும்படி வைத்துவிடாதீர்கள்.

சுந்தரராஜுலு


உக்கடம், கோவை
21-12-1995

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

ரசாக் எழுதிக்கொள்வது. அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, மறைக்கவில்லை.

நான் ஊட்டியில் பதினோரு வருஷம் பெரியவர்களுக்குப் பை சுமந்து, பார்த்துப் பார்த்தே ஆடப் பழகியவன். எனக்கு யாரும் தனி வகுப்பு எடுக்கவில்லை. அதற்காகப் பிள்ளைக்கு வகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வகுப்பில் ஒரு விஷயம்தான் சொல்லிக் கொடுக்க முடியும். பந்தை அடிக்கும் முன்பே தலையைத் தூக்காதே என்று சொன்னால், அது அவள் உடம்பில் ஏறப் பதினைந்து நாள் ஆகும். அந்தப் பதினைந்து நாளும் அவளாக அடிக்க வேண்டும், தப்பாக அடிக்க வேண்டும், புதருக்குள் பந்தைத் தேட வேண்டும். மூன்றாம் நாளே நான் போய் நின்றால் அவள் பந்தைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். இப்போதே அப்படித்தான். ஒவ்வொரு அடிக்கும் திரும்பி, "சரிங்களா மாஸ்டர்?" என்று கேட்கிறாள்.

பரீட்சை லீவில் வாரம் ஒன்று வைக்கலாம். போட்டிக்கு முந்தின வாரம் ஒன்றுகூட வேண்டாம். பெரிய பிள்ளையாகி, தப்பு எங்கே என்று அவளே கேட்டு வந்தால் அப்போது கூட்டிக்கொள்ளலாம்.

தேஜா தம்பி தினம் வருவது உண்மை. வகுப்புக்கு வருவது மாதம் ஒரு தடவை. மற்ற நாளெல்லாம் தானாக ஆடுகிறான். உங்கள் பங்காளி என்னிடம் பேசியதே இல்லை. பிள்ளையை விடுவார், போவார்.

முதல் புதனும் மூன்றாம் புதனும் வருகிறேன். அந்த இரண்டு நாளுக்குத்தான் அட்டையில் கையெழுத்துப் போடுவேன். வேறு மாஸ்டர் வைத்துக்கொள்வதானால் உங்கள் இஷ்டம். பிள்ளைக்கு நல்ல கை, சார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ரசாக்


பாண்டுங்
12-2-1996

ரசாக் அவர்களுக்கு,

ஜனவரி அட்டை வந்து சேர்ந்தது. பொங்கலை விட்டுப் பதின்மூன்று நாள், பதின்மூன்று கையெழுத்து. மாதம் இரண்டுதான் என்று வீராப்பாக எழுதியவர், கடைசியில் வழிக்கு வந்துவிட்டீர்கள். மில்லிலும் இதைத்தான் பார்க்கிறேன். கொஞ்சம் அழுத்திச் சொன்னால் எல்லோரும் வேலை செய்வார்கள்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. போன கடிதத்தில் அவ்வளவு வாதாடிய ஆள், ஒரு வார்த்தை எழுதாமல் ஏன் இறங்கி வந்தீர்கள்? வகுப்புக்கு வந்து சும்மா நின்றுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறீர்களா? ஒவ்வொரு வகுப்பிலும் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். பதின்மூன்றுக்கும்.

சுந்தரராஜுலு


உக்கடம்
26-2-1996

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

ஜனவரியில் நான் எடுத்தது இரண்டு வகுப்பு. போட்டது இரண்டு கையெழுத்து. மீதிப் பதினொன்று நான் போட்டதில்லை.

இதைக் கோபத்தில் பாதி, பயத்தில் பாதியாக எழுதுகிறேன். அட்டை உங்களுடையது. கொண்டு வருகிறவர் உங்கள் டிரைவர். தபாலில் போடுகிறவர்கள் உங்கள் வீட்டம்மா. இடையில் என் பேரில் யார் எழுதினார்கள்? சின்னான் அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவரைச் சொல்ல முடியாது. என்னைக் கிளப்பிலிருந்து வெளியே அனுப்ப ஒரு காரணம் வேண்டுமென்றால், எடுக்காத வகுப்புக்குக் கையெழுத்துப் போட்டான் என்பதை விட நல்ல காரணம் கிடைக்காது. அப்படி ஏதாவது நடக்கிறதா, சார்? நீங்கள் நேராகக் கேட்டீர்கள். நானும் நேராகவே கேட்கிறேன்.

உக்கடத்துப் பையன் கமிட்டி மெம்பர் மேலேயே சந்தேகப்படுகிறானா என்று நினைப்பீர்கள். எனக்கு மூன்று பிள்ளைகள். அந்தக் கிளப் கேட்டைத் தாண்டினால் எனக்குத் தெரிந்த தொழில் வேறு எதுவும் இல்லை.

ரசாக்


பாண்டுங்
14-3-1996

ரசாக்,

உங்களைக் குழியில் தள்ள நான் கடல் தாண்டி உட்கார்ந்து சதி செய்கிறேனா? எனக்கு வேறு வேலை இல்லையா?

பிப்ரவரி அட்டையும் வந்துவிட்டது. பன்னிரண்டு கையெழுத்து. நீங்கள் போடவில்லை என்கிறீர்கள், அட்டை போட்டது என்கிறது. விசாரித்து முடிக்கும் வரை உங்களைக் கிளப்புக்குள் விட வேண்டாம் என்று கமிட்டிக்கு எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே அது போய்ச் சேர்ந்திருக்கும்.

நான் பொறுத்துக்கொள்ளாத குற்றம் ஒன்று உண்டென்றால் அது கள்ளக் கையெழுத்து. ஒரு தரம் டைம் ஆபீஸில் பதினாறு வருஷ ஆளை அதற்காக ஒரே நாளில் வெளியே அனுப்பியிருக்கிறேன். இதிலும் யாராக இருந்தாலும் விட மாட்டேன். நீங்கள் என்றால் கிளப் உங்களுக்கு இனி இல்லை. என் வேலைக்காரர் என்றால் வேலை இல்லை. என் மகளே என்றால் அன்றைக்கே ஸ்டிக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஜூனில் ஊட்டி ஹாஸ்டலில் கொண்டுபோய் விடுவேன். பங்காரம்மாவுக்கும் இதை எழுதியிருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

உண்மையை எழுதுங்கள்.

சுந்தரராஜுலு


உக்கடம்
29-3-1996

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

எல்லாம் நான் போட்ட கையெழுத்துதான். ஜனவரி பதின்மூன்றும், பிப்ரவரி பன்னிரண்டும். வகுப்பு எடுக்காமல் போட்டேன். போன கடிதத்தில் பயத்தில் மாற்றி எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

கிளப் கேட்டில் வாட்ச்மேன் என்னை நிறுத்திவிட்டார். நானும் இனி வரவில்லை. வேறு யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்குப் புது மாஸ்டர் வைத்தால் வாரம் மூன்று நாள் வைக்காதீர்கள்.

ரசாக்


பாண்டுங்
12-4-1996

ரசாக் அவர்களுக்கு,

என் காதில் பூச் சுற்றுகிறீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று இரண்டு அட்டையையும் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிப்ரவரி முழுக்க ஐந்தே முக்காலிலிருந்து ஆறே முக்கால் வரை வகுப்பு என்று எழுதியிருக்கிறது. ஒரு நாள் மட்டும் நாலேகாலிலிருந்து ஐந்து. அப்போதுதான் உறைத்தது. அது நோன்பு மாதம். எங்கள் மில்லில் அந்த மாதம் முஸ்லிம் ஃபிட்டர்களுக்கு ஐந்தரைக்கே கேட்டைத் திறந்துவிடுவோம், நோன்பு திறக்க வீட்டுக்குப் போகட்டும் என்று. ஆறு இருபதுக்கு நோன்புக் கஞ்சி குடிக்க வேண்டிய ஆள், தினம் ஆறே முக்கால் வரை மைதானத்தில் நின்றேன் என்று எழுதுவாரா? பொய்க் கையெழுத்துப் போடுகிறவர்கூட நம்பும்படியான நேரத்தைத்தான் எழுதுவார். இதையும் மிஞ்சியது, மூன்றாம் புதன், ரம்ஜான் அன்றைக்கே வகுப்பு எடுத்ததாக ஒரு கையெழுத்து. அன்றைக்கு இங்கே சைட்டே மூடிக் கிடந்தது, ஒரு ஈ காக்காய் இல்லை. நீங்கள் பெருநாள் அன்று தொழுகையை முடித்துவிட்டு என் மகளுக்குப் பந்தடிக்கச் சொல்லிக் கொடுத்தீர்களாக்கும்.

நோன்பு என்ன நேரத்துக்குத் திறப்பார்கள் என்று தெரியாத யாரோ போட்டது அது. அந்த நாலேகால் மட்டும்தான் உங்களுடையது. தப்பிக்கப் பொய் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாட்டிக்கொள்ளப் பொய் சொல்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். யாரைக் காப்பாற்றுகிறீர்கள்?

அட்டை யார் கையில் இருந்ததோ அவர்தான். எழுதத் தெரியாதவர் இன்னொருவரைப் பிடித்து எழுத வைத்திருக்கலாம். வகுப்பு இல்லாத நாளில் காரை எங்கே ஓட்டினார் என்று யாருக்குத் தெரியும்? இந்த மாதக் கடைசியோடு சின்னானைக் கணக்கு முடித்து அனுப்பிவிடு என்று பங்காரம்மாவுக்கு எழுதிவிட்டேன்.

சுந்தரராஜுலு


உக்கடம்
25-4-1996

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

சின்னான் அண்ணனை அனுப்பிவிடாதீர்கள். அவருக்கு இதில் எதுவும் தெரியாது. தபாலில் முந்திப் போகட்டும் என்று எக்ஸ்பிரஸ் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறேன்.

நான் ஒரு பொய் சொன்னேன், அது ஒருத்தரோடு நிற்கும் என்று நினைத்தேன். இப்போது இன்னொருவர் வீட்டில் அடுப்பு அணையப் போகிறது. இதற்கு மேல் மறைத்தால் அது பாவம்.

மார்ச் கடைசியில், உங்கள் கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டிய மறுநாள், தேஜஸ்ரீ பாப்பா உக்கடத்துக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். சின்னான் அண்ணனிடம் மாஸ்டருக்கு ஒரு புஸ்தகம் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். உள்ளே வந்து என் பெண் ஹிபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் போட்ட இரண்டு கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து மீதியை அவளே போட்டிருக்கிறாள். ஏன் கண்ணு இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அப்பா வாரம் மூணுன்னாருங்க. நீங்க மாசம் ரெண்டுன்னீங்க. ரெண்டு பேருமே பெரியவங்க, நான் யாரு பேச்சைத் தட்டறதுங்க? அதான் அட்டையில அப்பாவுக்கு மூணு போட்டுப்போட்டு, கிரவுண்டுல உங்களுக்கு ரெண்டு வெச்சுக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மற்ற நாளில் எங்கே போனாய் என்றேன். எங்கும் போகவில்லை. கிளப்பிலேயே, பின்பக்கம் சோளக்காட்டு வேலி ஓரமாக இருக்கும் கடைசி மூன்று குழியில் ஆடியிருக்கிறாள். சின்னான் அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்திருக்கிறார். மாஸ்டர் தானாக ஆடச் சொன்னார் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள், அது உண்மையும்கூட. வெயில் தாழ்ந்த பிறகு ஆடுவது அவளுக்குப் பிடிக்கும், அதனால்தான் அட்டையில் அந்த நேரம். நோன்பு அவளுக்கு எப்படித் தெரியும்?

நாலு மாதமாக நான் சொல்லிச் சொல்லிப் போகாத அந்தத் தலை தூக்கும் பழக்கம், பிப்ரவரியில் பார்த்தபோது போய்விட்டிருந்தது. யாரோ வேறு மாஸ்டர் ரகசியமாக வருகிறாரோ என்று நான் சந்தேகப்பட்டேன். உங்கள் மேல்தான். வேறு மாஸ்டர் யாரும் வரவில்லை.

போகும்போது கதவருகே நின்று, ஊட்டி ஹாஸ்டலில் கோல்ஃப் இருக்குங்களா மாஸ்டர் என்று கேட்டாள். அதற்கப்புறம்தான் அந்தப் பொய்க் கடிதத்தை எழுதினேன். கிளப் எனக்கு எப்படியும் போய்விட்டது, அவள் ஸ்டிக்காவது அவளிடம் இருக்கட்டும் என்று.

இன்னொன்று உண்டு. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். இவ்வளவு சுத்தமாகக் கையெழுத்துப் போட எப்படிப் பழகினாய் என்று கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நீங்கள் ஊரில் இல்லாத இத்தனை மாதமும் அவள் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பாருங்கள், சார். நான் நினைப்பது தப்பாகவே இருக்கட்டும்.

அவளை ஹாஸ்டலில் விடாதீர்கள். தண்டனை எனக்குக் கொடுத்தது போதும்.

ரசாக்


பாண்டுங்
4-6-1996

ரசாக் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே சின்னானை அனுப்ப வேண்டாம் என்று வீட்டுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். ரிப்போர்ட் கார்டையும் வரவழைத்தேன். அதனால்தான் பதில் தாமதம்.

நீங்கள் நினைத்தது தப்பில்லை. காலாண்டு, அரையாண்டு, நடுவில் மாதப் பரீட்சை மூன்று. ஐந்திலும் தந்தை கையொப்பம் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. என் கையெழுத்தை விட நன்றாக இருக்கிறது. முதல் கையெழுத்து செப்டம்பரில். கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. டிசம்பருக்குள் கை திருந்திவிட்டது. உங்கள் கையெழுத்துக்கு வந்தபோது அவளுக்கு அது ஒரு சிரமமாகவே இருந்திருக்காது.

பங்காரம்மாவைக் கேட்டேன். அவள் மில்லையும் வீட்டையும் சேர்த்துப் பார்க்கிறவள், ராத்திரி எட்டுக்குத்தான் வருகிறாள். அப்பாவுக்குத் தபாலில் அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிட்டேன் என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள், இவளும் நம்பிவிட்டாள். அம்மா போட்டிருந்தாலே பள்ளிக்கூடத்தில் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளுக்கு அது போதவில்லை போலிருக்கிறது.

கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. யார் யார் மேலெல்லாமோ சந்தேகப்பட்டேன், என் மேல் ஒரு நாளும் படவில்லை. பத்து வயதுப் பிள்ளை தனக்குத்தானே அப்பாவாக இருந்து கையெழுத்துப் போட்டிருக்கிறாள், நான் டைம் கார்டில் நிமிஷம் எண்ணிக்கொண்டிருந்தேன். உங்கள் வயிற்றில் அடித்தேன். கமிட்டிக்கு நான் எழுதியது தப்பு என்று எழுதி, உங்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டல் இல்லை. அட்டையும் இனி இல்லை. வகுப்பு நீங்கள் சொன்னபடி மாதம் இரண்டு, ஒன்று குறைந்தாலும் கேட்க மாட்டேன்.

காண்ட்ராக்ட்காரர்களிடம் சண்டை போட்டுப் பத்து நாள் லீவு வாங்கியிருக்கிறேன். ஜூலை ஏழாம் தேதி வருகிறேன். பிள்ளைக்கும் எழுதியிருக்கிறேன். இதுவரை மாதம் ஒரு கடிதம்தான் போட்டேன். இனி வாரம் ஒன்று போட்டால் அவளுக்குக் கொஞ்சம் தேறுமா? எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரிகிறது, அதனால் கேட்கிறேன்.

சுந்தரராஜுலு


உக்கடம்
18-6-1996

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

கமிட்டி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போன புதன்கிழமை உள்ளே போனேன். மூன்று மாதத்தில் புல் கொஞ்சம் காய்ந்திருக்கிறது, வேறு மாற்றம் இல்லை. உங்கள் கடிதத்தை மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டேன். உங்கள் மேல் சந்தேகப்பட்டதற்கு நானும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்குப் பாப்பாவுக்கு வகுப்பு எடுக்கவில்லை. அவள் அடித்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, நன்றாக ஆடினாள். முடித்துவிட்டு வந்து, அப்பா ரிப்போர்ட் கார்டைப் பார்த்துவிட்டாரா என்று கேட்டாள். பார்த்தார், உன் கையெழுத்துத் தன்னுடையதை விட நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஸ்டிக்கைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

வாரம் ஒரு கடிதம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை நான் சொல்வதை விட அவளையே கேட்கலாம் என்று கேட்டேன். ஏழாம் தேதி அப்பா வருகிறார், அதற்கப்புறம் வாரா வாரம் எழுதப் போகிறார் கண்ணு, சந்தோஷம்தானே என்றேன்.

"காயிதத்துல யாரு வேணாலும் எழுதலாமுங்க மாஸ்டர்" என்றாள்.

நீங்கள் எந்த வண்டியில் வந்து இறங்குகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள், சார். அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்து நிறுத்துகிறேன்.

ரசாக்